பில்லில் "ஆயில்" என்று மட்டும் எழுதாதீர்கள்: எஞ்சின் ஆயில் நிறுவனங்களுக்கும் சர்வீஸ் நிலையங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எஞ்சின் ஆயில் நிறுவனத்தாருக்கும் சர்வீஸ் நிலைய உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடப்பில் இருப்பதும், அதன்படி வந்த டீசல் கார்களில் புகை வெளியேறும் பாதையில் டி.பி.எஃப். என்னும் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்பட்டிருப்பதும், அந்த வடிகட்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும் என்பதும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அல்ல. உங்களுக்குத் தெரிந்த அந்தச் செய்தி, வண்டியின் சொந்தக்காரனான எனக்கு மூன்று ஆண்டுகளாக வந்து சேரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

தேனியில் ஒரே ஒரு ஏழு இருக்கை டீசல் வண்டியை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துகிறேன். 2021இல் கடனில் வாங்கிய வண்டி. மற்ற செலவுகளில் மிச்சம் பிடித்தாலும் ஆயிலில் பிடிக்கக் கூடாது என்று, ஒவ்வொரு முறையும் விலை கூடிய ஃபுல்லி சிந்தெடிக் ஆயிலையே கேட்டு ஊற்றச் சொன்னேன். சர்வீஸ் நிலையத்தில் கேள்வி கேட்காமல் ஊற்றினார்கள். மூன்றாம் ஆண்டில் வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரியத் தொடங்கியது. இரண்டு முறை கணினியை மாட்டி வடிகட்டியைச் சூடேற்றிச் சுத்தம் செய்தார்கள். சில வாரங்களில் விளக்கு திரும்பவும் எரிந்தது.

ஒரு நாள் விடியற்காலையில், கண் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு பெரியவரையும் அவர் மனைவியையும் மதுரைக்கு அழைத்துச் சென்றேன். ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் வண்டி இழுவை இழந்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடவில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டதால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே சக்தியைக் குறைத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. சாலையோரம் நிறுத்தி, வேறு வண்டி பிடித்து அவர்களை ஏற்றி அனுப்புவதற்குள் மருத்துவமனையில் கொடுத்திருந்த நேரம் கடந்துவிட்டது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வண்டி சரியாக இருக்கிறதா என்று புறப்படும்போது அவர் கேட்டதும், சரியாக இருக்கிறது என்று நான் சொன்னதும் இன்றுவரை என்னை உறுத்துகின்றன.

வடிகட்டியை மாற்ற 78,000 ரூபாய் ஆயிற்று. நீட்டித்து வாங்கிய வாரண்டியில் கேட்டபோது, பரிந்துரைத்த ஆயில்தான் ஊற்றப்பட்டது என்பதற்கு ஆதாரம் காட்டச் சொன்னார்கள். ஒரு பில்லைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் "எஞ்சின் ஆயில், 6 லிட்டர்" என்று மட்டும் இருந்தது. எந்த ஆயில், எந்தத் தரம் என்று ஒரு சொல்கூட இல்லை. என் கோரிக்கை தள்ளுபடியானது.

அதன் பிறகே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வடிகட்டியில் சேரும் கரி, ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எரிந்துபோகும், சாம்பல் எரியாது. ஆயிலில் கலக்கும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சேர்மானங்கள், எஞ்சினுக்குள் ஆயில் சிறிது சிறிதாக எரியும்போது சாம்பலாகி, வடிகட்டியின் நுண்துளைகளிலேயே தங்கிவிடும். சிந்தெடிக் என்ற சொல் அடிப்படை எண்ணெயைக் குறிப்பதே தவிர, சாம்பலின் அளவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. டப்பாவில் இருக்கும் 5டபிள்யூ-30 என்ற எண்ணும் ஆயிலின் இளக்கத்தை, அதாவது அது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை, மட்டுமே சொல்லும். ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ. வகுத்த தரத்தில், சி3 வகை ஆயிலின் சல்பேட் சாம்பல் (ஆயிலை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவு) 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; ஏ3/பி4 வகையில் அது 1.6 சதவீதம் வரை இருக்கலாம். ஆக, ஒரே எண்ணும் ஒரே சிந்தெடிக் என்ற பெயரும் தாங்கி, ஒரே அலமாரியில் அருகருகே நிற்கும் இரண்டு டப்பாக்களில் ஒன்று என் வண்டிக்கு உகந்ததாகவும் மற்றொன்று இரு மடங்கு சாம்பல் கொண்டதாகவும் இருக்க முடியும். என் வண்டியின் கையேடு கேட்டிருந்தது சி3. நான் கடைசியாக வாங்கி, ஊற்றியது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த டப்பாவின் பின்புறம், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது ஏ3/பி4.

பெட்ரோல் வண்டிக்காரர்களின் நிலையும் இதுதான். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் எரிந்து வெளியேறி, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது. நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில், பொருந்தாத ஆயில் உரிய நேரத்திற்கு முன்பே எரிபொருளைப் பற்ற வைத்து பிஸ்டனையே உடைக்கக்கூடும். ஆயில் அதைத் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை உள்ளடக்கிய, அமெரிக்க பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ.யின் எஸ்.பி. தரம் 2020 மே மாதத்திலேயே நடப்புக்கு வந்துவிட்டது. டப்பாவில் அந்த இரண்டெழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

விளம்பரத்தில் நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் உங்கள் டப்பாவை உயர்த்திப் பிடிக்கிறார்கள். எந்த வண்டிக்கு அது ஆகாது என்று ஒருவரும் சொல்வதில்லை. கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. மெக்கானிக் பையன்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. காற்றைச் சுத்தமாக வைக்க அரசு விதி போட்டது சரியே, அதற்கான விலையையும் வண்டி வாங்கும்போதே கொடுத்துவிட்டோம். கொடுத்த பிறகும் தவறான ஆயிலால் அந்த வடிகட்டி அடைத்து, அதன் செலவும் எங்கள் தலையிலேயே விழுவது நியாயமாகாது.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன். சர்வீஸ் நிலையத்தார், ஊற்றிய ஆயிலின் பெயர், இளக்க எண், ஏ.சி.இ.ஏ. அல்லது ஏ.பி.ஐ. தரம் ஆகிய மூன்றையும் பில்லில் எழுதித் தாருங்கள். ஊற்றும் முன் கையேட்டைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஆயில் நிறுவனத்தார், கரித்துகள் வடிகட்டி உள்ள வண்டிக்கு அந்த ஆயில் ஆகுமா ஆகாதா என்பதை டப்பாவின் முன்புறத்தில், படிக்கும் அளவு எழுத்தில், தமிழில் அச்சிடுங்கள். சி3 ஆயில் பெரிய நகரங்களில் மட்டுமன்றி எங்கள் ஊர்க் கடைகளிலும் கிடைக்கச் செய்யுங்கள். இவற்றில் எதையும் உடனே செய்ய இயலாதென்றால், பில்லில் அந்த ஒரு வரியையாவது நாளை முதல் எழுதத் தொடங்குங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் என் வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும். அந்த பில்லில் என்ன எழுதியிருக்கும் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தேனியிலிருந்து ஒரு வாடகை வண்டி ஓட்டுநர்