கேச் அழித்த பிறகும் கோப்புகள் மிஞ்சுவது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினியிலோ போனிலோ இடம் போதவில்லை என்றால் ‘கேச்’சை, அதாவது வேகத்துக்காகத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் கோப்புகளை, அழியுங்கள் என்று தொழில்நுட்பப் பகுதிகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். யோசனை சரிதான். பொத்தானை அழுத்தியதும் எல்லாம் போய்விடும் என்று அதோடு நிறுத்திவிடுவதுதான் வாசகர்களைக் குழப்புகிறது.

விண்டோஸில் ஒரு கோப்பை ஏதாவது புரோகிராம் திறந்து வைத்திருந்தால், பெரும்பாலும் அதை அழிக்க முடியாது. துப்புரவு மென்பொருள்கள் பல, அப்படிப்பட்ட கோப்புகளைத் தாண்டிப் போய்விட்டு ‘முடிந்தது’ என்று காட்டுகின்றன. படங்களின் சிறுவடிவைச் சேமிக்கும் ‘தம்ப்கேச்’ கோப்புகள் அடிக்கடி மிஞ்சுவதும் இதனால்தான். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது, ஃபோல்டர்களைக் காட்டும், எப்போதும் இயங்கும் எக்ஸ்ப்ளோரர் புரோகிராம். சில மென்பொருள்கள், அழியாததை அடுத்த முறை கணினி தொடங்கும்போது (‘பூட்’) அழிக்கும்படி குறித்து வைக்கும். அப்போது ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் ஆன் செய்தால் போதாது. கணினியை விரைவாகத் தொடங்க வைக்கும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும் கணினியில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்ப எழுகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் உண்மையான பூட் நடக்கும்.

லினக்ஸில் நேர்மாறு: கோப்பு உடனே மறையும், இடம் திரும்பாது. திறந்து வைத்திருக்கும் புரோகிராமை நிறுத்தும்வரை வட்டில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் ‘டிஎஃப்’ கட்டளை காட்டும் கணக்கும், கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ கட்டளை காட்டும் கணக்கும் ஒத்துவராது.

குரோமில் முதலில் கால அளவைப் பாருங்கள். ‘எல்லா நேரமும்’ என்று மாற்றாவிட்டால் அண்மையில் சேர்ந்தவை மட்டுமே அழியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பிரவுசரின் பின்னணியில் இயங்கும் ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்ற நிரல் மூலம் தளங்கள் சேமிப்பவை ‘கேச் படங்கள், கோப்புகள்’ என்ற தேர்வில் வருவதில்லை, ‘குக்கீகள், பிற தளத் தரவு’ என்பதில் வருகின்றன. அதைத் தேர்ந்தெடுத்தால் லாகின்களும் போகும்.

ஆண்ட்ராய்டில் ‘கிளியர் கேச்’, செயலியின் கேச் ஃபோல்டர்களை மட்டுமே காலி செய்யும். இறக்கிய படங்களைத் தனக்கே உரிய வேறு ஃபோல்டரில் எழுதும்படி செயலியை உருவாக்கியிருந்தால் அவை அசையாது. ‘கிளியர் ஸ்டோரேஜ்’ அவற்றை நீக்கும். கூடவே லாகினையும், சர்வரில் ஏறாத தரவையும் நீக்கிவிடும். பேக்கப் எடுக்காமல் அதைத் தொடவே கூடாது.

இதில் பயனரைக் குறை சொல்வதற்கில்லை. அழிக்க முடியாத ஒவ்வொரு கோப்புக்கும் இயங்குதளம் காரணத்தோடு பிழை எண் தருகிறது. வேறு புரோகிராம் பிடித்திருந்தால் விண்டோஸ் தருவது 32. ஆக, எது மிஞ்சியது என்பது மென்பொருளுக்குத் தெரியும். அதை மறைத்து முழு வெற்றி என்று அறிவிப்பது தவறு. எத்தனை கோப்புகள் நிற்கின்றன, எவ்வளவு இடம், எந்தப் புரோகிராமை மூடினால் போகும் என்று கடைசித் திரையில் காட்ட வேண்டும். பலர் பயன்படுத்தும் கணினியில், மிஞ்சியதை மற்றவர்கள் பார்க்கக்கூடும் என்பதால் இது அந்தரங்கம் சார்ந்த விஷயமும்கூட.

இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, பின்னணியில் இயங்குபவை உட்பட புரோகிராம்களை மூடுவது, அழிப்பது, ரீஸ்டார்ட் செய்வது, மீண்டும் அளவைப் பார்ப்பது என்ற வரிசையையும் சேர்த்து அச்சிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புப் பொறியாளர்