ஐயாயிரம் பேருக்கு எதற்கு ஓர் அரசாங்கம்?

செயின்ட் ஜான்ஸ், ஆன்டிகுவா

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. பிசியோதெரபிக்கு வரும் பெண் சொல்வதை ஒழுங்காகச் செய். வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடாதே, உன் சுபாவம் எனக்குத் தெரியும். மருமகள் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைவிட என்ன வேண்டும்!

இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் புதுப் பருவம் தொடங்கிவிட்டது. பேரன் சாயங்காலம் முழுக்கத் தெருவில் கிரிக்கெட். விவ் ரிச்சர்ட்ஸ் பிறந்த ஊர், கேட்கவா வேண்டும்.

பிரிட்டனின் கீழ் இருக்கும் பக்கத்துக் கரீபியன் தீவான மொன்செராட்டுக்குப் போகப்போகிறேன் என்று நான் எழுதியதற்கு நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "ஐயாயிரம் பேர்கூட இல்லாத தீவுக்கு எதற்கடி ஓர் அரசாங்கம், மந்திரிசபை, சட்டசபை? எல்லோரையும் இங்கிலாந்தில் குடிவைத்துவிட்டால் செலவாவது மிஞ்சுமே" என்று. பாங்கில் கடன் பிரிவில் இருந்தவள் அப்படித்தான் கேட்பாய். அது நியாயமான கேள்விதான். லண்டனிலும் அதைக் கேட்டிருக்கிறார்கள். போய்வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீளக் கடிதம்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது. ஆன்டிகுவாவிலிருந்து சின்ன விமானத்தில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். தீவின் மொத்தப் பரப்பே 102 சதுர கிலோமீட்டர். விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர் என்று நான் பாடம் நடத்துவேனே, அதைவிடச் சின்னது. வடக்கிலிருந்து தெற்காக மூன்று மலைத்தொகுதிகள். வடக்கே சில்வர் ஹில்ஸ், நடுவில் சென்டர் ஹில்ஸ், தெற்கே சூஃப்ரியேர் ஹில்ஸ். மூன்றும் எரிமலைகள்தான், ஆனால் வயது வேறு. வடக்கே இருப்பது மிகப் பழையது, தேய்ந்து வறண்டுபோனது. நடுவில் இருப்பதில் அடர்ந்த காடு, குடிக்கும் தண்ணீருக்கான ஊற்றுகள் எல்லாம் அங்கேதான். தெற்கே இருப்பதுதான் இளையது. அட்லாண்டிக் பக்கத்துத் தட்டு கரீபியன் தட்டுக்கு அடியில் நுழைகிற இடம் என்று நான் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டிய படத்தின் மேல் நேரில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை வசந்தா.

அந்த இளைய மலையின் அடிவாரத்தில்தான் நல்ல மண்ணும் நல்ல துறைமுகமும். அதனால் தலைநகர் பிளிமத்தும் அங்கேயே அமைந்தது. தோட்டம், விமான நிலையம் என்று எல்லாம் தெற்கிலும் கிழக்கிலும்தான். வடக்கை யாரும் பெரிதாகச் சீந்தியதில்லை. இன்று அரசாங்கம், ஆஸ்பத்திரி, பள்ளி, விமான ஓடுதளம், கடை, வீடு அத்தனையும் யாரும் சீந்தாத அந்த வடக்கில்தான் அடங்கியாக வேண்டும். தீவின் தெற்குப் பாதிக்கு மேல் தடை செய்யப்பட்ட பகுதி.

1995 ஜூலை 18 அன்று மலை விழித்தது. அது கெட்டியான கற்குழம்பைத் தள்ளும் மலை. குழம்பு ஓடாமல் உச்சியிலேயே குவிந்து குமிழாக வளரும். குமிழ் சரிந்தால், கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கல்லும் கலந்து கார் ஓடும் வேகத்தைவிட வேகமாகப் பள்ளத்தாக்கில் இறங்கும். ஓடித் தப்ப முடியாது. பிளிமத்தைக் காலிசெய்தார்கள், திரும்ப வந்தார்கள், மறுபடி காலிசெய்தார்கள். 1996 ஏப்ரலில் வெளியேறியவர்கள் பிறகு அங்கே குடியிருக்கத் திரும்பவே இல்லை. 1997-ல் நகரம் எரிந்து சாம்பலில் புதைந்தது. சட்டப்படி பிளிமத்துதான் இன்னும் தலைநகர், அலுவலகங்கள் மட்டும் வடக்கே பிரேட்ஸில் நடக்கின்றன. கரிபால்டி குன்றிலிருந்து பார்த்தேன். சாம்பல் மேட்டுக்கு மேலே கட்டடங்களின் மேல்தளங்கள் மட்டும் தெரிகின்றன.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். எரிமலைக்கு முன்னால் இந்தத் தீவு யாரிடமும் நிர்வாகச் செலவுக்குக் கையேந்தவில்லை. அன்று பதினோராயிரம் பேருக்குப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். ஒரு காலத்தில் கரும்பு, பிறகு எலுமிச்சை, கடல்தீவுப் பருத்தி. மொன்செராட் எலுமிச்சைச் சாறு இங்கிலாந்தில் பெயர் பெற்ற சரக்கு. 1960-களுக்குப் பிறகு வட அமெரிக்காவில் ஓய்வுபெற்றவர்கள் வந்து வீடு கட்டினார்கள். அமெரிக்க மாணவர்களுக்கான ஒரு மருத்துவக் கல்லூரி பிளிமத்தில் இருந்தது. பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979-ல் ஒரு ஒலிப்பதிவுக்கூடம் திறந்தார், உலகப் புகழ் பெற்ற பாடகர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ சூறாவளி வந்து பெரும்பாலான வீடுகளைச் சிதைத்துப் போட்டது, ஒலிப்பதிவுக்கூடமும் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் மனம் தளராமல் புது ஆஸ்பத்திரி, நூலகம், அரசு அலுவலகம் என்று பிளிமத்தில் மறுபடி கட்டினார்கள். கட்டி முடித்த கையோடு மலை வெடித்தது. ஒரு கடன்காரர் ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருக்கும்போது வீடே பூமிக்குள் போய்விட்டால், நீ அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பாய்?

உன் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் ஒரு சங்கதியும் உண்டு, மறைக்க மாட்டேன். 1980-களில் இந்தத் தீவு வெளிநாட்டுப் பணத்துக்கான வங்கிகளுக்குத் தாராளமாக உரிமம் கொடுத்தது. பல வங்கிகள் பெயரளவுக்கு மட்டும் இருந்தன, மோசடி வெளியே வந்தது. லண்டன் தலையிட்டு நூற்றுக்கணக்கான உரிமங்களை ரத்துசெய்து, அந்தப் பொறுப்பையே உள்ளூர் மந்திரிகளிடமிருந்து எடுத்து ஆளுநரிடம் கொடுத்துவிட்டது. அந்த நடவடிக்கை சரிதான் என்றே நினைக்கிறேன்.

ஆனால் 1997-ல் நடந்ததைப் படித்தபோது என் மனம் ஆறவில்லை. ஜூன் 25 அன்று குமிழ் சரிந்து 19 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தடை செய்யப்பட்ட பகுதிக்குள் பயிர் பார்க்கப் போனவர்கள். ஆபத்து தெரியாமலா போனார்கள்? வடக்கில் அவர்களுக்கு நிலம் இல்லை. பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் நெருக்கியடித்து மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தவர்கள், கிழங்கும் காய்கறியும் சொந்த மண்ணில் விளைந்து நிற்கும்போது சும்மா இருப்பார்களா? வடக்கில் விவசாயத்துக்கு நிலம் ஒதுக்கத் தவறியதை மரண விசாரணையில் ஜூரிகளே குறையாகச் சொன்னார்கள். நிலத்தை யார், யாருக்கு, எப்போது ஒதுக்குவது என்பது அரசாங்கத்தின் வேலை. தூரத்தில் உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்கு அது ஒரு வரி, இங்கிருப்பவருக்கு உயிர்.

அந்த ஆகஸ்டிலேயே, இழப்பீட்டை உயர்த்தச் சொல்லித் தீவினர் கேட்டபோது, லண்டனில் சர்வதேச வளர்ச்சி அமைச்சராக இருந்த கிளேர் ஷார்ட் "அடுத்து தங்க யானை கேட்பார்கள்" என்றார். வீடும் ஊரும் சுடுகாடும்கூடப் போனவர்களைப் பார்த்துச் சொன்ன சொல் அது. உதவி செய்கிறவர்களுக்கு உதவி பெறுகிறவர்கள் எப்படித் தெரிகிறார்கள் பார்.

மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் தீவை விட்டுப் போனார்கள். இங்கிலாந்துக்கும் ஆன்டிகுவாவுக்கும்தான் அதிகம் பேர். 2002-ல் பிரிட்டனின் கடல்கடந்த பிரதேசத்தவர் அநேகமாக எல்லோருக்கும் முழு பிரிட்டிஷ் குடியுரிமை வந்தது. ஆக நீ சொன்ன "கூட்டிக்கொண்டு போவது" விரும்பியவர்களுக்கு எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. இப்போது இருப்பவர்கள், போகலாம் என்று தெரிந்தும் இருப்பவர்கள். அவர்களோடு கயானா, ஜமைக்கா, டொமினிக்கன் குடியரசு ஆகிய இடங்களிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்களும் நிறைய.

ஆட்சி எப்படி நடக்கிறது என்று கேட்டாயே. சட்டசபையில் வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பது ஒன்பது பேரை. அட்டர்னி ஜெனரலும் நிதிச் செயலாளரும் பதவி வழியாக உட்காருவார்கள். முன்பு ஏழு தொகுதிகள் இருந்தன. தொகுதிகளே சாம்பலில் போய்விட்டதால் இப்போது முழுத் தீவும் ஒரே தொகுதி, ஒவ்வொருவரும் ஒன்பது வேட்பாளர்கள் வரை வாக்குப் போடலாம். இதை நான் மிகவும் ரசித்தேன். எந்த ஊர்க்காரர் எங்கே தஞ்சம் புகுந்திருந்தாலும் அவருடைய வாக்கு வீணாகாது. ஐந்து இடம் பிடித்தால் ஆட்சி. 2011-ல் புது அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது முதலமைச்சர் பதவி பிரீமியர் ஆயிற்று. முதல் பிரீமியர் ரூபன் மீட். மலை வெடித்த நாளில் முதலமைச்சராக இருந்தவரும் அவர்தான், 2024 தேர்தலில் மறுபடி பிரீமியர் ஆனவரும் அவர்தான்.

ஆனால் மேலே மன்னர் நியமிக்கும் ஆளுநர் இருக்கிறார். பாதுகாப்பு, வெளியுறவு, போலீஸ், அரசு ஊழியர், வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் அவர் பொறுப்பு. மந்திரிசபைக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதும் அவரே. நிர்வாகச் செலவில் பாதிக்கு மேல் லண்டனிலிருந்து வருகிறது, அதனால் வரவுசெலவுத் திட்டத்தை லண்டன் பார்த்துத் தலையாட்ட வேண்டும். பணம் தருபவரின் கை எப்போதும் தோளில் இருக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் அந்தச் சட்டசபை இல்லாமல் போனால் தோளை உதறக்கூட ஆள் இருக்காது.

தெளிவான நாளில் தென்கிழக்கே குவாதலூப் தெரியும். பிரான்ஸ் 1946-ல் அதைத் தன் மாவட்டமாகவே ஆக்கிக்கொண்டது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு அங்கிருந்து உறுப்பினர்கள் போகிறார்கள், அங்கே புழங்குவது யூரோ. 1854 முதல் நம் பக்கத்து மக்களை புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேற்றிக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன தீவும் அதுதான். அந்த மலையைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. மொன்செராட்டுக்கோ லண்டன் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. சொந்தச் சட்டசபையையும் எடுத்துவிட்டால் அவர்கள் எங்கே போய்ப் பேசுவார்கள்?

இன்னொன்றை நீ ரசிப்பாய். இங்கே ஓடுவது கிழக்குக் கரீபியன் டாலர். ஆறு நாடுகளும் இரண்டு பிரிட்டிஷ் பிரதேசங்களும் சேர்ந்து ஒரே நாணயம், மத்திய வங்கி செயின்ட் கிட்ஸில். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலைநிறுத்தி வைத்திருக்கிறார்கள், இன்றுவரை மாற்றவில்லை. உயர்நீதிமன்றமும் அண்டைத் தீவுகளோடு பொதுவானது. சின்னவர்கள் தனித்தனியாகத் தாங்க முடியாததைச் சேர்ந்து தாங்குகிறார்கள். "இத்தனை சின்ன ஊருக்கா" என்ற உன் கேள்விக்கு இந்த ஏற்பாடே நல்ல பதில் என்று எனக்குப் படுகிறது.

சம்பாத்தியம்? இன்றைக்கு அரசாங்கம்தான் பெரிய முதலாளி. மலை கொட்டிய மணலையும் ஜல்லியையும் அள்ளி அண்டைத் தீவுகளின் கட்டட வேலைக்குக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அதுவும் புதைந்துபோன பிளிமத்தின் பழைய படகுத்துறை வழியாகவே. 2013-ல் இரண்டு கிணறு தோண்டி நிலத்தடி வெப்பம் நிறைய இருப்பதைக் கண்டார்கள். ஆனால் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் இறக்குமதி டீசலில்தான். அந்த நீராவி மட்டும் மின்சாரமாகிவிட்டால் லண்டனிடம் கேட்கும் தொகை கொஞ்சமாவது குறையும். அதை ஏன் இத்தனை வருஷம் இழுக்கவேண்டும் என்று எனக்குக் கோபமே வந்தது. லிட்டில் பேயில் சரியான துறைமுகம் ஒன்றும் வெகுகாலக் கனவு. அலை பெரிதானால் சரக்குக் கப்பல் அணைய முடியாது, கடைகளில் அது உடனே தெரியும்.

மலை 2010 பிப்ரவரிக்குப் பிறகு புதுக் குழம்பு கக்கவில்லை. வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது, ஆய்வு மையத்தில் இரவும் பகலும் கண்காணிக்கிறார்கள்.

மார்ச் 17, அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாள், அங்கே பொது விடுமுறை. ஐரிஷ்காரர்கள் குடியேறிய தீவு, பாஸ்போர்ட்டில்கூட அயர்லாந்தின் மூவிலைச் சின்னத்தோடுதான் முத்திரை குத்தினார்கள். ஆனால் அந்த நாளை அவர்கள் கொண்டாடுவதற்கு வேறு காரணமும் உண்டு. 1768-ல் அதே நாளில், எஜமானர்கள் குடித்துக் களித்திருக்கும் நேரம் பார்த்து, அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டு, தலைவர்களைத் தூக்கிலிட்டார்கள். வெளியூர் போன பிள்ளைகள் எல்லாம் அந்த வாரம் ஊருக்குத் திரும்பி வருகிறார்களாம். ஊர் என்று ஒன்றும் அதை நடத்த ஓர் அரசும் இருப்பதால்தானே திரும்பிவர இடம் இருக்கிறது. "செலவு மிஞ்சுமே" என்றாயே, அந்த வரவை எந்தப் பக்கத்தில் எழுதுவாய் என்று யோசித்துச் சொல்.

உன்னோடு சண்டை போட வேண்டும் என்று இல்லை. உன் கணக்கறிவு எனக்கு வேண்டும், அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். நிலத்தடி வெப்ப மின்சாரத்துக்குக் கடன் கொடுப்பதானால் ஒரு பாங்க் என்னென்ன பார்க்கும் என்று விவரமாக எழுது, மகனோடு தினமும் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஏப்ரல் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவேன். உறைக்குள் மொன்செராட் தபால்தலைகள் சில வைத்திருக்கிறேன், உன் பேத்தியிடம் கொடு. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, மறக்காதே.

உன்,
கோமதி