ராத்திரி வெள்ளம் வந்தால் யார் வந்து சொல்வார்கள்?

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி ஆற்றையும் குளங்களையும் ஓடைகளையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

பருவமழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டத்தை இந்த ஆண்டும் நடத்தி முடித்துவிட்டீர்கள். மணல் மூட்டை, படகு, ஜேசிபி எல்லாம் தயார் என்றீர்கள். நல்லது. ஊர்க்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: ராத்திரி தண்ணீர் வந்தால் எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்? செல்போனில் குறுஞ்செய்தி வரும் என்று பதில் கிடைத்தது. அதனால்தான் இந்த மடல்.

2023 டிசம்பர் 17 உங்களுக்கும் மறந்திருக்காது. வருடம் முழுக்கப் பெய்தாலும் சுமார் 65 சென்டிமீட்டர்தான் மழை பார்க்கிற மாவட்டம் இது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டியிருந்தது. அன்று ராத்திரி எங்கள் ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. குறுஞ்செய்தி எந்த வழியாக வந்திருக்கும்?

எங்கள் தெருவில் கணவரை இழந்த அக்கா ஒருவர் ஆடு வளர்த்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். நனையாமல் இருக்கட்டும் என்று அன்று எல்லா ஆட்டையும் கொட்டகைக்குள் கட்டிப் போட்டிருந்தார். குளம் உடைந்து தண்ணீர் விடியும் முன்னே வந்துவிட்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடத்தான் நேரம் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் முளைக்குச்சிகள் ஊன்றியபடியே நிற்கின்றன. இரண்டு ஆடுகள் கயிற்றோடு சேற்றில் கிடந்தன. மற்றவற்றின் கயிறு அறுந்திருந்தது, ஆடுகளைக் காணோம். "அவிழ்த்து விட்டிருந்தா அதுக மேட்டுப் பக்கம் ஓடியிருக்குமே" என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறார். அரை மணி நேரம் முன்னால் ஒரு ஆள் தெருவில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியிருந்தால் போதும். அப்புறம் ஆட்டுக்கு 4,000 ரூபாய் நிவாரணம் என்று அறிவிப்பு வந்தது. விசாரிக்க வந்தவர்கள் செத்த ஆட்டைக் காட்டச் சொன்னார்கள். வெள்ளத்தோடு போன ஆட்டை எங்கே போய்க் காட்டுவது?

அதே ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போன தகவல் நேரத்துக்கு வந்து சேர்ந்ததால், சுமார் 800 பேர் தப்பித்தார்கள். ரயிலுக்கு வந்த தகவல் மாதிரி ஒன்று கரையோர ஊர்களுக்கும் வந்திருக்க வேண்டாமா?

அணையில் இத்தனை ஆயிரம் கனஅடி திறந்திருக்கிறோம் என்று அறிக்கை விடுகிறீர்கள். அந்தத் தண்ணீர் எங்கள் ஊர்ப் பாலத்தைத் தொட எத்தனை மணி நேரம் ஆகும், எந்தத் தெரு வரை ஏறும் என்பதுதான் எங்களுக்குத் தேவை. ஓடைகளுக்கு அந்த அறிக்கைகூட இல்லை. மேற்கே பெய்த மழை உப்பாற்று ஓடையில் திரண்டு வந்து கோரம்பள்ளம் குளத்தை உடைத்துத் தூத்துக்குடிக்குள் புகுந்ததே, அந்த ஓடைகள் மற்ற நாளில் வறண்டு, கருவேலம் அடைந்து கிடப்பவை. அதில் ஆடு மேய்ப்போம், வண்டி ஓட்டுவோம், ஓரத்தில் பிளாட் போட்டு விற்கவும் அனுமதி கிடைத்துவிடும். வெள்ளத்தை எப்போதாவது பார்க்கிற ஊருக்குத்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டியது அதிகம்.

எச்சரிக்கையை யார், எப்போது கொடுத்தார்கள் என்று சென்னையும் தில்லியும் மாறி மாறிப் பேசியதை நிவாரண வரிசையில் நின்றபடி கேட்டோம். கோடையில் இதே ஆற்றுத் தண்ணீருக்காக மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் நாங்கள். பாசனத்துக்குக் கேட்டால் இல்லை என்று வருகிற தண்ணீர், வாழை குலை தள்ளி நிற்கும்போது கழுத்தளவு வந்து நிற்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல ஆள் கிடையாது என்றால் நாங்கள் யாரிடம் போவது?

சரி, அது பெரிய பேச்சு. இப்போது பணிவாகக் கேட்பது இவ்வளவுதான். பெருமழை ராத்திரிகளில் ஒவ்வொரு குளத்துக் கரையிலும் டார்ச்சோடு ஒரு ஆள் இருக்கட்டும். அவர் தகவல் சொன்னால் ஊருக்குள் மைக்கில் அறிவிக்க வேண்டும். கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாவற்றிலும் மைக் இருக்கிறது. கரண்ட் போனாலும் ஓடுகிற மாதிரி பேட்டரி மட்டும் ஏற்பாடு செய்து தாருங்கள். எங்கள் பையன்கள் முறை வைத்து உடன் நிற்கத் தயார். டவரை நம்பாமல், ஆள் வந்து சொல்ல வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு உங்களில் ஒருவர் தயவுசெய்து வாருங்கள். எந்தக் குளத்துக்கு யார் பொறுப்பு, எந்த ஊருக்கு யார் வந்து சொல்வார் என்ற பட்டியலை அங்கே வாசியுங்கள். அவரை அன்றைக்கே எங்களுக்கு நேரில் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏரல் பக்கத்து ஆற்றங்கரை விவசாயி ஒருவர்