அடுத்த மாதப் புத்தகத்தைத் தாயக்கட்டை சொல்லட்டும்

காங்கேயம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு அம்மிணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நல்ல சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, காலையில் காட்டுக்குப் போய் வருகிறார்.

அடுத்த மாதம் எதைப் படிப்பதென்றே தெரியவில்லை, அலமாரியைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது என்று போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அம்மிச்சி கொடுத்த பித்தளைத் தாயக்கட்டையை உருட்டித்தான் புத்தகம் எடுக்கிறேன்.

அலமாரியில் நாலு தட்டு. படிக்காத புத்தகங்களைத் தட்டுக்கு நாலாக அடுக்கியிருக்கிறேன். முக்கால்வாசி, ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் நீயும் நானும் பை கனக்க வாங்கி வந்தவை. ஒரு கட்டை தட்டைச் சொல்லும், இன்னொன்று அந்தத் தட்டில் எத்தனையாவது என்று சொல்லும். ஒரு புள்ளி விழுந்தால் முதல் தட்டு, வெறும் பக்கம் விழுந்தால் நாலாவது. எது எந்தக் கட்டை என்று தெரிய, ஒன்றின் முனையில் உன் பழைய நகப்பாலிஷைத் தொட்டு வைத்தேன்.

இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்காதே. விளையாட்டில் மூன்று எத்தனை தரம் விழும், ஆறு விழுவதற்கு எவ்வளவு காத்திருப்போம், உனக்கே தெரியும். மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் மூன்று வருவது 4 விதம், ஆறு வருவது ஒரே விதம். கூட்டினால் சில புத்தகம் திரும்பத் திரும்ப வரும், சிலது அலமாரியிலேயே கிடக்கும். தனித்தனியாகப் பார்த்தால் பதினாறுக்கும் சம வாய்ப்பு.

உருட்டுவது அப்பாதான். எந்தத் தட்டில் எது இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது, அதனால்தான். நம்மூர்க் கோயிலில் சாமி உத்தரவுக்காகப் பூக் கேட்கும்போது சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு, விவரம் தெரியாத குழந்தையைத்தானே எடுக்கச் சொல்கிறோம்? சிவன்மலை முருகன் கோயிலில் பக்தர் கனவில் வந்த பொருளை உத்தரவுப் பெட்டியில் வைக்கும் முன்னாலும் பூக் கேட்டுத்தானே வைக்கிறார்கள்? ஆசைப்படுகிற கை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். புத்தகத்துக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இந்த மாதம் விழுந்தது 'நாகம்மாள்'. 1942இல் வந்த நாவல். எழுதிய ஆர். ஷண்முகசுந்தரம் இங்கே தாராபுரம் பக்கத்து ஆள். காடு தோட்டம் பங்கு பிரிக்கிற சண்டையைத்தான் ஊரிலேயே பார்க்கிறோமே என்று நான் தொடாமல் இருந்த புத்தகம். எடுத்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை அம்மிணி. பேச்செல்லாம் நம் பேச்சு. புருஷன் இல்லாத ஒருத்தி தன் பங்கைக் கேட்டு நிற்கிறாள், அதைச் சுற்றி ஒரு ஊரே பேசுகிறது. ஒரு பக்கம் படித்துவிட்டு அப்பாவுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நானாக எடுத்தால் எனக்கு ஏற்கெனவே பிடித்த நாலு பேரையே சுற்றிச் சுற்றிப் படிப்பேன். கட்டைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதற்காகக் கண்டதையும் படிக்கிறோம் என்று ஆகாது. பதினாறும் நாம் ஆசைப்பட்டு வாங்கியதுதானே, வரிசையை மட்டும்தான் அதனிடம் விடுகிறோம்.

அப்புறம், ஒரே ஒரு கட்டுப்பாடு. விழுந்ததை ஐம்பது பக்கமாவது படிக்க வேண்டும். அதற்கு மேலும் ஒட்டவில்லை என்றால் திரும்ப வைத்துவிட்டு மறுபடி உருட்டலாம். பிடிக்கவில்லை என்று முதல் பக்கத்திலேயே மாற்றினால் உருட்டியதற்கே அர்த்தமில்லை.

உன் அறையில் தாயக்கட்டை இருக்காது. சீட்டு எழுதிக் குலுக்கினாலும் சரி, உடன் தங்கியிருக்கும் பிள்ளையை எடுக்கச் சொல். ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் சேர்க்காதே, மாதத்துக்கு இரண்டு போதும், வேலைக்குப் போகிற பிள்ளை நீ.

எனக்கு ஒரு ஆசை. அடுத்த மாதம் என் புத்தகத்துக்கு அப்பா ஒரு கட்டையை மட்டும் உருட்டட்டும், இன்னொரு எண்ணை நீ சொல். உன் சீட்டில் ஒன்றை நான் எடுக்கிறேன். புதன்கிழமை ராத்திரி கூப்பிடும்போது ஒன்றிலிருந்து நாலுக்குள் ஒரு எண் யோசித்து வை.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா