திராட்சை வந்துச்சு கலை

அன்புள்ள கலை,

நீ பஸ்ல போட்டு விட்ட பன்னீர் திராட்சை வந்து சேர்ந்துச்சுடி. சொல்லவே சங்கடமா இருக்கு, பாதிக்கு மேல பூஞ்சை பூத்துப் போச்சு. பிளாஸ்டிக் கவரை இறுக்கி முடிச்சு போட்டு கட்டிட்ட, கம்பத்துலேர்ந்து சென்னை வர்ற வரைக்கும் உள்ளயே வேர்த்து வேர்த்து கிடந்திருக்கு. கோவிச்சுக்காத, மறுநாள் அந்த கவரை அப்படியே தூக்கிட்டு கிளாஸுக்கு போனேன், எதுக்குன்னு அப்பறம் சொல்றேன்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, ஆபரேஷன்னு சொன்னாலே எந்திரிச்சு உள்ள போயிடறாங்க.

சரி, நீ திட்டி எழுதுனதுக்கு வர்றேன். சுருளி அருவி கேஸ்ல டிஎன்ஏ ஒத்துப் போச்சுன்னு ரிப்போர்ட் இருந்தும், கீழ் கோர்ட்ல தூக்கு தண்டனை வாங்குனவரை 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் எப்படி விட்டுச்சு, நீங்கல்லாம் தடயவியல் லேப்ல என்னதான் புடுங்கறீங்கன்னு கேட்டிருந்த. உங்க ஊர்ப் பக்கம் நடந்த ரெட்டைக் கொலை, கோவம் வரத்தான் செய்யும். ஆனா கோர்ட் டிஎன்ஏவையே நம்ப முடியாதுன்னு சொல்லலடி. 2011ல எடுத்த சாம்பிள் லேபுக்கு வர ஏன் லேட்டாச்சு, நடுவுல யார்கிட்ட எப்படி இருந்துச்சு, இதுக்கு ஒழுங்கான பதில் இல்ல. அதே தீர்ப்புலதான் நாடு முழுக்கவும் ஒரு நடைமுறை போட்டாங்க, சாம்பிள் எடுத்தா 48 மணி நேரத்துல லேபுக்கு வந்துடணும், லேட்டானா காரணத்தை எழுதணும், கை மாறுறது எல்லாத்துக்கும் ரிஜிஸ்டர் வேணும், கோர்ட் சொல்லாம சாம்பிள் முத்திரையை உடைக்கக் கூடாதுன்னு. போதாததுக்கு 2024 ஜூலை 1லேர்ந்து வந்த புது சட்டத்துல ஏழு வருஷமோ மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் ஆளுங்க ஸ்பாட்டுக்கு போகணும்னு வேற இருக்கு, அதனால எனக்கு இப்போ லேப் வேலையை விட போலீஸ்காரங்களுக்கு கிளாஸ் எடுக்கறதுதான் ஜாஸ்தி.

மொதல்லல்லாம் நான் பிசிஆர், எஸ்டிஆர்னு டிஎன்ஏ டெஸ்ட் பாஷை, கிராஃப்ல வர்ற மேடு பள்ளம்னு ஆரம்பிப்பேன், பத்தாவது நிமிஷம் பின் பெஞ்சுல குறட்டை. இந்த தடவை உன் திராட்சையை பிரிச்சு பெஞ்ச் பெஞ்சா சுத்த விட்டேன். மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. ரத்தம் காயாத சுடிதாரை இதே மாதிரி கட்டி வச்சா டிஎன்ஏ கதியும் இதுதான், நிழல்ல காய வைங்க, வெயில்ல போடாதீங்க, மடிப்புக்கு நடுவுல பேப்பர் வைங்க, ஒரு துணிக்கு ஒரு காகித கவர்னேன். ஒருத்தரும் தூங்கல.

எனக்கு ஏன் இந்த கவர் பைத்தியம்னா, சில வருஷம் முன்னாடி ஒரு ஸ்டேஷன்லேர்ந்து சின்ன பொண்ணு பாவாடை ஒண்ணு வந்துச்சு. பாலித்தீன் பை, மூணு வாரம் பழசு. பிரிச்சதும் ஒரு வாடை, துணி முழுக்க கறுப்பு கறுப்பா புள்ளி. ரெண்டு தடவை போட்டு பாத்தும் ஆளை அடையாளம் காட்டற டிஎன்ஏ ப்ரொஃபைல் ஒண்ணு எடுக்க முடியல. கட்டுன மனுஷன் பத்திரமா இருக்கட்டும்னு நாலு முடிச்சு போட்டிருந்தாருடி, அவிழ்க்கவே முடியாம கத்திரிதான் வச்சேன். யாரும் அவருக்கு சொல்லிக் குடுக்கல, அவ்ளோதான்.

கடைசில ஒரு வயசான ஏட்டு எந்திரிச்சு, "மேடம், தொட்டாலே ஒட்டும்ங்கறீங்க, பாடியை ஆம்புலன்ஸ்ல ஏத்தறது நாங்கதான், அப்ப எங்க டிஎன்ஏவும் ரிப்போர்ட்ல வருமா?"ன்னாரு. எத்தனை வருஷமா கிளாஸ் எடுக்கறேன், இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்ல. வரும்தான் ஐயா, இப்ப உள்ள டெஸ்ட் கிட்டுக்கு ஒரு நானோகிராம் டிஎன்ஏ போதும், அது நூத்தம்பது செல்லு சொச்சம், அதனாலதான் ஸ்பாட்ல நின்னவங்க சாம்பிளும் ஒப்பிட்டு கழிக்க வேணும்னு சொன்னேன். 2012ல கலிபோர்னியாவுல கொலையான ஒருத்தர் நகத்துல வேற ஒரு ஆளோட டிஎன்ஏ கிடைச்சு அவரை உள்ள தூக்கிப் போட்டுட்டாங்க, பாத்தா அந்த ராத்திரி அவர் குடிச்சு மயங்கி ஆஸ்பத்திரில படுத்திருந்திருக்காரு, ரெண்டு பேரையும் பாத்தது ஒரே ஆம்புலன்ஸ் ஆளுங்க. இதை சொன்னதும் ஏட்டு அவர் கையையே திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டாரு.

இன்னொண்ணு, டிஎன்ஏன்னாலே ஆளை மாட்ட வைக்கறதுன்னு நினைக்கற இல்ல, இங்கிலாந்துல லெஸ்டர் பக்கம் 1983லயும் 1986லயும் ரெண்டு பொண்ணுங்களைக் கொன்ன கேஸ்ல, ரெண்டாவது கொலையை நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கிட்ட 17 வயசு பையன் இல்லன்னுதான், டிஎன்ஏ வச்சு ஆளைக் கண்டுபிடிக்கற முறையைக் கொண்டு வந்த அலெக் ஜெஃப்ரீஸோட டெஸ்ட் முதல்ல சொல்லுச்சு. நிஜ ஆளு தனக்கு பதிலா வேற ஒருத்தனை ரத்தம் குடுக்க அனுப்பி, அது பார்ல பேச்சு வந்துதான் மாட்டுனான்.

இவ்ளோ எழுதியும் சுருளில பிள்ளைங்களைப் பறிகுடுத்த வீட்டுக்கு என்ன பதில்னு நீ கேட்டா என்கிட்ட ஒண்ணும் இல்ல கலை.

தம்பி பிளஸ் டூ எப்படி படிக்கறான்? அடுத்த தடவை திராட்சை அனுப்பினா அட்டைப் பெட்டில பேப்பர் போட்டு அனுப்பு, முடிச்சு வேணாம்.

உன்
மாலா