‘லிமிடெட்’ கம்பெனியும் ஜாமீன் கையெழுத்தும்

ஆசிரியருக்கு,

பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்துவிட்டால் தொழில் நொடித்தாலும் வீடு, நகைக்கு ஆபத்தில்லை என்று பதிவு ஏஜென்ட்டுகள் அடித்துச் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை.

10 ரூபாய் முகமதிப்பில் 10,000 பங்குகள் எடுத்து முழுப் பணமும் கட்டியவருக்கு, கம்பெனிக் கடனில் அதற்கு மேல் பொறுப்பில்லை. பங்குக்கு 4 ரூபாய்தான் கட்டியிருந்தால் பாக்கி 60,000 ரூபாய் வரை கேட்கலாம். சட்டம் தரும் பாதுகாப்பு இவ்வளவே.

அதை நாமே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுப்பது வங்கியில். ஓவர்டிராஃப்ட் (ஓடி) ஆனாலும் தவணைக் கடனான டேர்ம் லோன் ஆனாலும் சாங்ஷன் லெட்டரில் ‘டைரக்டர்களின் பர்சனல் கியாரண்டி’, அதாவது சொந்த ஜாமீன், என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி, வேறு விதமாக எழுதாதவரை, கடன் வாங்கிய கம்பெனிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. ‘முதலில் கம்பெனியிடம் வசூலியுங்கள்’ என்ற வாதம் எடுபடாது. திவால் சட்டப்படி கம்பெனிக்குத் தீர்வுத் திட்டம் (கடன் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு, எப்படித் தருவது என்ற ஏற்பாடு) ஏற்கப்பட்டாலும் ஜாமீன் தானாக ரத்தாகாது என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பலர் சறுக்குவது ராஜினாமாவில். டைரக்டர் விலகியதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவம் ஏறி, டைரக்டர் பதவி போன பிறகும் ஜாமீன் அப்படியே நிற்கும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது பங்கு மாற்றத்தைக் கவனிப்பார்கள், இதை மறந்துவிடுவார்கள். விலகுபவர் வங்கியிடம் விடுவிப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பங்கைக் கைமாற்றுவது நல்லது. கையெழுத்துக்கு முன்பே தொகைக்கு உச்சவரம்பு உண்டா, இனி வாங்கும் கடனுக்கும் சேர்த்தா என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஜாமீன் போடாதவரும் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஜிஎஸ்டி பாக்கி கம்பெனியிடம் வசூலாகாவிட்டால், ஜிஎஸ்டி சட்டம் 89-வது பிரிவில் அந்தக் காலத்து டைரக்டர்களிடம் கேட்பார்கள். தன் கடும் அலட்சியமோ முறைகேடோ கடமை தவறியதோ காரணமில்லை என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும். கம்பெனி செக் திரும்பினால் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் மீதும் வழக்கு வரும்.

வெளி முதலீட்டாளரை எதிர்பார்க்காத இரண்டு, மூன்று பேர் கூட்டுக்கு எல்எல்பியே (வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) போதும் என்பது என் கருத்து. விற்றுமுதல் 40 லட்சத்தையோ கூட்டாளிகள் போட்ட முதலான பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டாதவரை எல்எல்பி சட்டப்படி ஆடிட் தேவையில்லை. பிரைவேட் லிமிடெட்டில் ஒரு ரூபாய்க்கு வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆடிட் உண்டு. ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும்.

– ஆடிட்டர் ஒருவர், ஈரோடு