தேரிக்கு ஏன் அந்தப் பெயர்

அன்புள்ள அய்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நம் பக்கத்துச் செம்மணல் மேட்டைத் 'தேரி' என்கிறோமே, அந்தப் பெயர் 'தேர்' என்பதிலிருந்துதான் வந்ததா என்று உன் கட்டுரைக்காகக் கேட்டாயே, போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? ஆடிக்காற்றில் மணல் தேர்போல நகருவதால் வந்த பெயர் என்று நீ சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அகராதியில் தேரி என்றால் மணற்குன்று. மலையாளத்திலும் இந்தச் சொல் உண்டு, அங்கே மேட்டு நிலம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உயர்ந்து கிடக்கிற இடம் என்பதுதான் அடிப்படைப் பொருள் என்று எனக்குப் படுகிறது. மணல், சிவப்பு எல்லாம் அப்புறம் வந்து ஒட்டியவை.

ஆனால் நம் பக்கத்தில் எல்லா மணல்மேட்டையும் தேரி என்று சொல்லிவிட மாட்டார்கள். கடலோரத்து வெள்ளை மணல் வெறும் மணல்தான். தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கம் பனையும் உடைமரமுமாகப் பரந்து கிடக்கிற செம்மணலுக்கு மட்டும்தான் அந்தப் பெயர். அலை ஒதுக்கிச் சேர்த்த மணலுக்குச் சங்கப் பாட்டில் எக்கர் என்று தனிச்சொல்லே இருக்கிறது. 'எக்கர் ஞாழல்' என்று நெய்தல் பாட்டில் வருமே, அதுதான். எக்கர் கடல் போட்டது, தேரி காற்று போட்டது.

சிவப்புக்குக் காரணம் இரும்பு. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது, உள்ளே சாதாரண குவார்ட்ஸ்தான். மண்மாரி பெய்து ஊரே மூடிப்போனது என்று இங்கே கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும், தேரி மண்ணில் கற்கால மனிதர்களின் சின்னச் சின்னக் கல்கருவிகள் நிஜமாகவே கிடைத்திருக்கின்றன. தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-இல் அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார்கள். அவர்களே வேறு பெயர் தேடாமல் 'தேரி' என்றுதான் எழுதினார்கள். அதனால் உன் கட்டுரையில் 'சிவப்பு மணல்குன்று' என்று மாற்றி வைக்காதே. தேரி என்றே போடு, தெரியாதவர்களுக்கு ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

படம் வேண்டுமானால் ஆனி முடிவதற்குள் சொல், சித்தப்பாவை எடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஆடி பிறந்துவிட்டால் அந்தக் காற்றில் போனை வெளியே எடுக்கவே முடியாது.

அன்புடன்,
அம்மா